மெல்லப் பேசினாலும் கேட்கும்

சூப்பில் உப்பில்லை என்று அவர் முணுமுணுத்தது அவளுக்குக் கேட்டுவிட்டது.

சமையல்மேடையோரம் நின்று, கேரியரின் மேல்தட்டைத் திறந்து, ஒரு வாய் ருசி பார்த்துவிட்டுத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுதான். உதடுகூட சரியாகப் பிரியாத பேச்சு. ஓரத்து அறையின் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து, ஜுரத்தில் கரகரத்துப்போன குரல் பதில் சொன்னது.

"உப்பு கம்மியாதான் போடுவாங்க. நோயாளி சாப்பாடு."

அவருக்குச் சிரிப்பு வந்தது. பதினோரு நாள் வெறிச்சென்று கிடந்த வீட்டில் மனைவியின் குரல். சூப்பைக் காகிதக் கிண்ணத்தில் ஊற்றி, கதவருகே போட்டிருந்த ஸ்டூலில் வைத்தார். சொல்லிக்கொடுத்தபடி ஆறடி பின்னால் நகர்ந்தார். அப்போதுதான் பிரிட்ஜின் மேலிருந்த சின்ன நீலப் பெட்டி கண்ணில் பட்டது. அவளுடைய காது மெஷின். ஆம்புலன்ஸ் வந்த பதற்றத்தில் எடுத்துக்கொடுக்க மறந்தது. அன்றிலிருந்து அங்கேயேதான் இருக்கிறது.

நூற்பாலையில் முப்பது வருடம் சூப்பர்வைசராக நின்றவள் அவள். அந்த இரைச்சல் இரண்டு காதையும் தின்றுவிட்டிருந்தது. மெஷினைக் கழற்றிவிட்டால் தலைமாட்டில் இடி விழுந்தாலும் திரும்ப மாட்டாள்.

கதவு ஒரு சாண் திறந்தது. வெள்ளைக் கையுறை போட்ட கை கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனது. கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

மகள்தான் வெளிநாட்டிலிருந்தே விசாரித்து இந்த இடத்தைப் பிடித்தாள். ஓய்வுபெற்றவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்பு. அறுபது வீடு, நடுவில் தோட்டம், சாப்பாட்டுக் கூடம், கிளினிக். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்த மனிதர் கம்பம் ஏறிய நாளெல்லாம் போய், சந்தடியில்லாத ஒரு தெருவில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு காலத்தை ஓட்டலாம் என்று ஒப்புக்கொண்டார். குடிவந்த மூன்றாவது வாரம் நோய் வந்தது. கேட்டைப் பூட்டினார்கள். பிறகு அவரவர் வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள். கூடத்தில் பாதி அட்டைப்பெட்டிகள் இன்னும் பிரிக்கப்படவில்லை. அக்கம்பக்கத்தார் யார் என்று தெரிந்துகொள்வதற்குள் எல்லோர் முகத்தையும் துணி மூடிவிட்டது. காலையில் இன்டர்காமில் மேனேஜர் காய்ச்சல் எவ்வளவு என்று கேட்பார். மூன்று வேளையும் யாரோ வாசலில் கேரியரை வைத்துவிட்டு மணியடித்துவிட்டுப் போவார்கள். அவர் கதவைத் திறப்பதற்குள் தெரு காலியாகியிருக்கும்.

நேற்று மாலை நான்கு மணிக்கு இரண்டு வெள்ளை உடுப்புக்காரர்கள் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். அவளுக்கும் அதே உடுப்பு. தலை முதல் கால்வரை மூடி, முகத்தின் மேல் ஆவி படிந்த பிளாஸ்டிக் தடுப்பு. உள்ளே கண் எங்கே, மூக்கு எங்கே என்றுகூடத் தெரியவில்லை. பதினாலு நாள் அவர் அந்தக் கதவைத் திறக்கக் கூடாது, முகம் பார்க்கக் கூடாது, குப்பைகூட அறைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றார்கள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆள் உயிரோடு வந்ததே போதும் என்றிருந்தது.

மறுநாள் கிளினிக் நர்சிடம் இன்டர்காமில் காது விஷயத்தைக் கேட்டார். ஜுரத்தில் காது அடைத்துப்போவதைத்தான் அந்த நர்ஸ் பார்த்திருக்கிறாளாம், போன காது திறந்து பார்த்ததில்லையாம். எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் இருந்தார். மனைவி போய் ஒன்பது வருடமாகத் தனிக்கட்டை. தெருவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேசிப் பழக்கம். அவரிடமும் கேட்டார். மாடாக இருந்தால் காதைப் பிடித்துப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று அவர் சிரித்தார்.

லைன் இன்ஸ்பெக்டர் அதோடு விட்டுவிட்டார். விடத்தான் ஆசையாக இருந்தது.

ஏனென்றால், மெஷின் மாட்டியிருந்தாலும், பத்துப் பன்னிரண்டு வருடமாக அவருக்கும் மனைவிக்கும் இடையே பேச்சு என்பது கூப்பாடுதான். சாப்பாடு, மாத்திரை, கரண்ட் பில். கத்திச் சொல்ல முடிந்ததை மட்டுமே சொல்லிக்கொண்டார்கள். மெல்லச் சொல்ல வேண்டியதெல்லாம் அவருக்குள்ளேயே தங்கிவிட்டது. இப்போது ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்தக் கதவைப் பார்த்து உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் பேசினால் அவளுக்குக் கேட்கிறது. அவர் பேசினார். காலையில் ஆரம்பித்தால் விளக்குப் போடும்வரை பேசினார். முதல் பிள்ளை பிறந்து மூன்றாம் நாளே இறந்துபோனதை, அன்று அழாமல் வேலைக்குப் போய்க் கம்பத்தின் உச்சியில் தனியாக அழுததை, அதுவரை ஒருவரிடமும் சொல்லாததை, அந்தக் கதவிடம் சொன்னார்.

"ம்," என்றது குரல். "அப்புறம்?"

அவள் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மகளுக்குச் சின்ன வயதில் என்ன செல்லப்பெயர் வைத்தோம் என்று அவர் ஒருமுறை விளையாட்டாகக் கேட்டபோது, "நீங்களே சொல்லுங்களேன். நீங்க சொன்னா நல்லா இருக்கும்," என்றாள். சொன்னார். மறுநாள் அந்தப் பெயர் அவள் பேச்சில் வந்தது. அவர் சொன்ன அதே இழுப்போடு.

ஐந்தாம் நாள் மகள் கூப்பிட்டாள். போனை ஸ்டூலில் வைத்தார். கை வந்து எடுத்துக்கொண்டது. அரைமணி நேரம் உள்ளே தணிந்த பேச்சு. போன் திரும்ப வந்தபோது மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"அம்மா இப்படிப் பேசி எத்தனை வருஷமாச்சுப்பா. எல்லாம் ஞாபகம் வச்சிருக்காங்க. நான் மழையில படிக்கட்டுல விழுந்து பல் உடைஞ்சதைக்கூட சொன்னாங்க."

அவர் ஆமாம் என்று சொல்லிப் போனை வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது.

மழை என்று சொன்னது அவர்தான், முந்தாநாள், இந்த நாற்காலியில் உட்கார்ந்து. உண்மையில் அது மழை நாளில்லை. கொளுத்துகிற வெயில். இந்தக் கதையை அவர் எப்போது எடுத்தாலும் மழை என்றுதான் சொல்வார். சொல்லி வாயை மூடுவதற்குள், வெயில், வெயில், உங்களுக்கு ஒன்றும் நேராக ஞாபகம் இருக்காது என்று அவள் தெருவுக்கே கேட்கும்படி கத்துவாள். ஒருமுறைகூட விட்டதில்லை. முந்தாநாள் திருத்தவில்லை. அவர் கவனிக்கவில்லை.

அவள் கத்தியே பேசுகிறவள். காது போனவர்களின் பேச்சு அப்படித்தான். வந்த நாளிலிருந்து இந்தக் குரல் ஒருதரமும் உயரவில்லை.

அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கல்யாணமான புதிதில் கடற்கரையில் படகு கவிழ்ந்ததே, நினைவிருக்கிறதா என்று கேட்டார். அவர்கள் இருவரும் சேர்ந்து கடலைப் பார்த்ததே இல்லை.

கதவின் அந்தப் பக்கம் ஏதோ உரசியது.

"இருக்கே," என்றது குரல். "தண்ணி எவ்வளவு குளிரா இருந்துச்சு. அப்புறம்? மீதியைச் சொல்லுங்க."

கதவுக்கு மிக அருகிலிருந்து வந்தது. அவருடைய காதின் உயரத்தில். அதுவும் அந்தப் பக்கம் உட்கார்ந்துதான் கேட்டுக்கொண்டிருக்கிறது, இத்தனை நாளும், கதவில் முகத்தை வைத்து.

அவர் எழுந்தார். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் நின்று எதிர்வீட்டுக்காரருக்குப் போன் செய்தார். இரண்டு நாளாக அவரை வாசலில் காணவில்லை. மாட்டு டாக்டர் கிசுகிசுப்பாகப் பேசினார். அந்தக் கிசுகிசுப்பில் சந்தோஷம் வழிந்தது.

"மெல்லப் பேசுங்க சார். வீட்டுக்காரி வந்திருக்கா. முந்தாநாள் சாயங்காலம் கொண்டாந்து விட்டாங்க. ஓரத்து ரூம்லதான் இருக்கா."

"உங்க வீட்டுக்காரங்க போய் ஒன்பது வருஷமாச்சே, டாக்டர்."

"அதான் சார். பேச எவ்வளவு பாக்கி இருக்கு."

போன் வைக்கப்பட்டது.

ஆஸ்பத்திரி லைன் கிடைக்க ஒன்பது தரம் முயல வேண்டியிருந்தது. இத்தனை நாளும் மேனேஜர் சொன்னதுதான் செய்தி, இவராக ஒருமுறையும் ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டதில்லை. கடைசியில் வார்டு கிளார்க் எடுத்தார். அவரிடம் மனைவியின் பெயரையும் வயதையும் சொன்னார். கிளார்க் தாளைப் புரட்டும் ஓசை கேட்டது.

"இங்கதான் இருக்காங்க. டிஸ்சார்ஜ்னு யார் சொன்னது? நேத்துதான் ஆக்சிஜனை எடுத்தோம். பயமில்ல. என்ன பேசினாலும் காதுல விழல, நர்ஸ் எழுதிக் காட்டித்தான் சமாளிக்கிறாங்க. மெஷின் வேணும்னு எழுதிக் குடுத்திருக்காங்க. நீங்க ராத்திரி மாத்திரை போடறீங்களான்னும் கேட்டிருக்காங்க. வெள்ளிக்கிழமை அனுப்பிடுவோம்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். இருக்கிறாள். உயிரோடு இருக்கிறாள். மாத்திரையைக் கேட்டிருக்கிறாள்.

குழாயை அவர் நிறுத்தவில்லை. ஆனால் தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது. வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை. பிரிட்ஜின் உறுமல்கூட இல்லை. ஏதோ ஒன்று மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பதுபோல.

வெளியே வந்தார். வெறுங்கால். ஓரத்து அறைக் கதவு மூடியே இருந்தது. பிரிட்ஜின் மேலிருந்து காது மெஷின் பெட்டியை எடுத்தார். வாசலுக்கு ஆறு காலடி. ஐந்து. நான்கு.

"எங்க கிளம்பிட்டீங்க?"

ஓடினார். எழுபத்திரண்டு வயதுக் கால்கள். பின்னால் தாழ்ப்பாள் விலகும் ஓசை. திரும்பவில்லை. பட்டப்பகல் வெயிலில் தெரு காய்ந்து கிடந்தது, ஒரு குருவிகூட இல்லை. கேட்டில் செக்யூரிட்டி கையை நீட்டித் தடுத்தான். அவர் அவன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். என் வீட்டில் இருப்பது அவளில்லை, அவள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், இதை மட்டும் அவளிடம் சேர்த்துவிடு என்றார். பெட்டிமேல் அவள் பெயரையும் வார்டையும் அவனுடைய பேனாவாலேயே எழுதினார். அவன் வாங்கிக்கொண்டான். வெளியே நின்ற மருந்து வண்டிக்காரரிடம் கொடுத்தான். வண்டி கிளம்புவதைக் கண்ணால் பார்த்தார். அது ஒன்று நடந்தது. அது ஒன்றாவது.

பிறகு செக்யூரிட்டி இன்டர்காமை எடுத்தான்.

இரண்டு வெள்ளை உடுப்புகள் வந்தன. ரொம்ப மரியாதையாக ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டதால் பதினாலு நாள் தனியாக இருக்க வேண்டும், அதுதான் விதி என்றார் ஒருவர். இவர் ஆஸ்பத்திரியைக் கேளுங்கள் என்றார். மகளைக் கேளுங்கள் என்றார். பிளாஸ்டிக் தடுப்புக்குள் ஆவி மட்டும் அசைந்தது. பிடித்திருந்த விரல்களில் சூடே இல்லை.

வீட்டுக்கே திரும்பக் கொண்டுவந்தார்கள். ஓரத்து அறை திறந்திருந்தது. காலியாக இருந்தது. அவரை உள்ளே விட்டார்கள். தாழ்ப்பாள் வெளிப்புறமாக விழுந்தது.

முதலில் வந்தது புளித்த வாடை. சுவரோரமாகக் காகிதக் கிண்ணங்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. ஐந்து நாள் சூப். ஒரு வாய் குறையவில்லை. மேலே ஏடு படிந்து, பூஞ்சை பூத்திருந்தது. கட்டிலில் விரிப்பு போட்ட மடிப்புகூடக் கலையவில்லை. கதவின் உள்பக்கத்தில் மட்டும், உட்கார்ந்தால் தலை வருகிற உயரத்தில், பெயின்ட் தேய்ந்து மரம் தெரிந்தது.

வெளியே நாற்காலி கிரீச்சிட்டது.

போன் அடித்தது. அவருடைய போன். அவருடைய பாக்கெட்டில் இல்லை. குளியலறையிலேயே விட்டுவிட்டார்.

யாரோ எடுத்தார்கள். இரண்டு செருமல். அவர் செருமுகிற மாதிரியே.

"சொல்லுங்க," என்றது அவருடைய குரல். "வெள்ளிக்கிழமைதானே? கொண்டாந்து விடுங்க. நான் வீட்லதான் இருப்பேன்."

அவர் கதவில் மோதினார். கத்தினார். கத்தினார். கத்தியது வாயை விட்டு வெளியேறிய மாதிரியே தெரியவில்லை. ஜன்னலுக்கு ஓடினார். கம்பி. கம்பிக்கு அப்பால் திறக்காத கண்ணாடி. உள்ளங்கையால் அறைந்தார்.

எதிர்வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, வெள்ளை உடுப்பில் யாரோ உட்கார்ந்து, போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது. அந்த வீட்டின் ஓரத்து அறை ஜன்னலில் மாட்டு டாக்டர் நின்றிருந்தார். இரண்டு கையும் கண்ணாடியில். வாய் அகலத் திறந்திருந்தது.

அடுத்த வீட்டு வாசலிலும் ஒரு நாற்காலி. அந்த ஜன்னலிலும் இரண்டு கை. அதற்கடுத்த வீட்டிலும். தெருக்கோடிவரை, வெயில் பட்டு மின்னுகிற கண்ணாடிகளில், கைகள்.

ஒரு சத்தமும் இல்லை.