நடுவில் வைத்த படம்

மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஆடி மாதப் பிற்பகல். பர்மாவின் போட்டாதாங் படகுத்துறையை ஒட்டிய பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடிக்கு, கையில் குடையும் தோளில் சிடி பையுமாக சாந்தகுமாரி ஏறிக்கொண்டிருந்தாள். படிக்கட்டில் கருவாட்டு நாற்றமும் ஈரச் சாக்கு வாடையும் சேர்ந்து அடித்தன. மேலே போகப்போக சாம்பிராணிப் புகை இரண்டையும் அமுக்கிவிட்டது.

மாலைநேரக் கணினி வகுப்பில் அவள் இரண்டாம் வருடம். கூப்பிட்டால் வீடுகளுக்குப் போய்ப் பழுதும் பார்ப்பாள். போகிற வீடுகளைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. திரை இருண்டால் மந்திரிக்க ஆள் தேடுகிறவர்கள், மவுசுக்கு விபூதி பூசுகிறவர்கள். இந்த வீட்டைப் பற்றிக் கேள்விப்பட்டதோ அதைவிட மோசம்.

செத்துப்போனவர் காசிவிசுவநாதன், கப்பல் சரக்குத் தரகர். துறைமுகத்தில் பர்மியர்கள் உட்பட எல்லோருக்கும், பர்மிய மரியாதைக்கு 'ஊ' சேர்த்து, ஊ காசி. அவருடைய தங்கை ஜெயம்மாவுக்கு அண்ணனின் படத்தைக் காகிதத்தில் போட்டு மாலை மாட்டுவது கௌரவமாகப் படவில்லை. கணினித் திரை முழுக்க அவர் முகத்தைப் போட்டு, அதன் முன்னால் அணையாவிளக்கு ஏற்றி, தினமும் சோறும் தண்ணீரும் படைத்து வந்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள் வாயைப் பிளந்தார்களாம். நாளைக்குக் கருமாதி. இன்று பார்த்துப் படம் கெட்டுவிட்டது.

ஜெயம்மாதான் கதவைத் திறந்தாள். பர்மிய வழக்கப்படி இளம்பெண்களைப் பெயருக்கு முன்னால் 'மா' போட்டுத்தான் கூப்பிடுவாள்.

"வா, மா சாந்தா. சாவு வீட்டுக்கு வர்றவ, இப்படியா சிவப்பு லொஞ்சி கட்டிக்கிட்டு வர்றது?"

"ரிப்பேருக்கு வந்திருக்கேன் அத்தே. ஒப்பாரிக்கு இல்ல."

"வாய் மட்டும் இருக்கு. கரண்ட் போறதுக்குள்ள முடி. எங்க அண்ணனைப் பாரு, அம்மை வார்த்தவர் மாதிரி ஆக்கி வெச்சிருக்கு."

மழைக்காக ஜன்னல்களை அடைத்திருந்ததால் கூடம் மங்கிக் கிடந்தது. கணினிப் பெட்டிக்குச் சந்தனப்பொட்டு வைத்திருந்தார்கள். காற்றுத் துளைகளில் மல்லிகை இதழ்கள் சிக்கிக் காய்ந்து கிடந்தன. திரையின் கீழ் விளிம்பில் விளக்குப் புகை கறுப்பாக ஏறியிருந்தது. சாந்தகுமாரிக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்த பிரம்பு நாற்காலியை இழுக்கப் போனாள்.

"அதுல உட்காராதே! அது அண்ணனோடது. ஸ்டூல் எடுத்துக்க."

திரையில் எல்லாமே பருத்துத் தெரிந்தது. ஊ காசியின் கன்னம் ஊதாத் திட்டாகவும் நெற்றி சாம்பல் திட்டாகவும் சிதறியிருந்தன. மேலுதட்டின் ஓரம் மட்டும் தெளிவாக இருந்தது. எதிரே நிற்பவரைப் புழுவாகப் பார்க்கும் ஒரு சுளிப்பு அதில்.

"வீடியோ கார்டோட டிரைவர் போயிருக்கு. கார்டுக்கும் விண்டோஸுக்கும் நடுவுல அது துபாஷி மாதிரி. பழசை எடுத்துட்டுப் புதுசு போடணும்."

"என்னத்தையோ போடு. நாளைக்கு நாலு பேர் முன்னால அவர் அவராத் தெரியணும்" என்று சொல்லிவிட்டு, பூக்காரியோடு பேரம் பேச ஜெயம்மா கீழே இறங்கிப் போனாள்.

அவள் காலடியோசை தேய்ந்ததும் சமையற்கட்டிலிருந்து ஒரு வயதான பெண் சுவரை ஒட்டியே வந்து நின்றாள். ஊ காசியின் மனைவி சொர்ணம்மாள்.

"பொண்ணே" என்று கிசுகிசுத்தாள். "உனக்குப் புண்ணியமாப் போகும். இதைச் சரி பண்ணாதே."

"ஏன் அத்தே?"

"நான்தான் பிளக்கைப் பிடுங்கினேன். ஓடிக்கிட்டு இருக்கையிலேயே, திரும்பத் திரும்ப. அப்புறம்தான் இப்படி மங்குச்சு." அவள் திரைப் பக்கம் பார்க்காமலே பேசினாள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்த மூஞ்சிக்கு முன்னால தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன். ஒரு நாள் 'சாப்பிட்டியா'ன்னு கேட்டதில்ல. நாளைக்கு அனுப்பி வைக்கிறோம், போயிடுவாரு. ஆனா இப்படி வெளக்கு ஏத்தி, சோறு போட்டு, கண்ணைத் திறந்து உட்கார வெச்சா எங்கே போவாரு?"

"அது ஒரு ஃபைல் அத்தே. போறதும் வர்றதும் அதுக்குத் தெரியாது."

"கரண்ட் இல்லாதப்பவும் தெரியிறாரே."

"ஒரே படத்தை ராப்பகலா விட்டா, கண்ணாடியில தடம் படிஞ்சிரும். எங்க வகுப்புல முதல் மாசமே சொல்லிக் குடுத்துட்டாங்க."

சாந்தகுமாரிக்கு ஒரு கணம் மனம் தடுமாறியது. 'முடியல' என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். சொன்னால் ஜெயம்மா நாளைக்கே காளி கோயிலில் நின்று, அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்று பரப்பிவிடுவாள். தனக்கு ஒன்றும் தெரியாதோ என்கிற பயம் அவளுக்கு எந்நேரமும் உண்டு. எதிரே நிற்பவரை முட்டாள் என்று நினைத்துக்கொண்டால் அந்தப் பயம் கொஞ்சம் அடங்கும். இப்போதும் அப்படியே நினைத்துக்கொண்டாள்.

வகுப்பில் சொல்லித்தந்தபடியே செய்தாள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், செய்தபின் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய டிரைவரை நீக்கினாள். இயந்திரத்தை அணைத்து ஏற்றினாள். சிடியைப் போட்டு, கார்டின் பெயரை இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் புதியதை நிறுவினாள். பாதியில் திரை கறுத்தது. அது வழக்கம்தான்.

கறுத்த கண்ணாடியில் ஊ காசியின் முகம் இருந்தது.

தடம்தான். படிந்த தடம்.

உதட்டின் சுளிப்பு இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.

திரை ஒளிர்ந்தது. அவள் மூச்சை விட்டாள். நிறங்கள் சரியாகியிருந்தன. மாநிறக் கன்னம், நரைத்த புருவம், எண்ணெய் மின்னும் நெற்றி. இனி திரையின் புள்ளி அளவைக் கூட்ட வேண்டும். ஜெயம்மா படத்தை 'நடுவில்' வைக்கச் சொல்லி அமைத்திருந்தாள். படம் திரையைவிடப் பெரியது என்பதால் நடுப்பகுதி மட்டும் தெரிந்தது. புள்ளிகளைக் கூட்டினால் எல்லாம் சிறுத்து, வெட்டுப்பட்ட ஓரங்களும் தெரியும். இதில் அதிசயம் ஒன்றுமில்லை.

ஒரு படி கூட்டினாள். தோள்கள் தெரிந்தன, பிரம்பு நாற்காலியின் கைப்பிடிகள் தெரிந்தன.

இன்னொரு படி. இதே கூடம், இதே சுவர். நாற்காலிக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்தபடி ஒரு பெண்.

"அத்தே, நீங்களும் இருக்கீங்களே படத்துல."

பின்னாலிருந்து வந்த குரலில் ஈரமே இல்லை.

"இந்தப் படம் எடுத்த அன்னைக்கு நான் த்வாண்டேயில இருந்தேன். தங்கச்சி வீட்டுல."

சுருட்டுப் புகை நாறியது. வீட்டில் யாரும் சுருட்டு பற்ற வைத்திருக்கவில்லை.

கிழவிக்கு மறதி, சந்தேகமே இல்லை. அதை நிரூபித்துவிடும் எண்ணத்தோடு சாந்தகுமாரி அளவைக் கடைசிப் படிக்கு ஏற்றினாள். இப்போது படம் முழுசாகத் தெரிந்தது. ஊ காசியின் வலது கை அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

பின்னால் ஒரு முனகல்.

திரும்பினாள். சொர்ணம்மாள் தன் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். வற்றிப்போன தோலில் நான்கு விரல்களின் தடம் சிவப்பாக எழும்பிக்கொண்டிருந்தது.

"மாத்து" என்றாள். "பழையபடி மாத்தும்மா."

சாந்தகுமாரி மவுசைப் பற்றினாள். புதிய டிரைவரை விலக்க வேண்டும். எங்கே அந்த இடம்? தினமும் திறந்து பார்க்கிற பட்டியல்தான், இன்று எழுத்தே தெரியவில்லை. கடைசியில் கண்டுபிடித்து அழுத்தினாள். திரை அணைந்தது. விசிறி சுழன்றது. விண்டோஸ் மெதுவாக, மிக மெதுவாக ஏறியது.

அப்போது சொர்ணம்மாள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். யாரோ அதட்டியதுபோல.

"இதோ... இதோ கொண்டாறேன்" என்று சொல்லிக்கொண்டே சமையற்கட்டுக்குள் ஓடினாள்.

யாரும் அவளைக் கூப்பிட்டிருக்கவில்லை.

திரை வந்தது. பருத்த எழுத்துகள், திட்டுத்திட்டான நிறங்கள். பழையபடியே நடுப்பகுதி மட்டும்.

நடுவில் முகம் இல்லை.

வெறும் பிரம்புப் பின்னல். ஆள் எழுந்துபோன நாற்காலியின் முதுகு.

எங்கே தவறினேன் என்று சாந்தகுமாரி யோசித்தாள். அணைத்தேன், ஏற்றினேன், ஒப்பிட்டேன். வரிசை சரியாகத்தான் இருந்தது. நூறு தடவை செய்தாலும் இதே வரிசையில்தான் செய்திருப்பாள்.

அவள் முழங்கைக்குப் பக்கத்தில், யாரும் உட்காராத பிரம்பு நாற்காலி கிறீச்சென்றது. கனமான ஆள் ஒருவர் சாய்ந்து வசதி பண்ணிக்கொள்கிற சத்தம்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டூலிலிருந்து வழுக்கி இறங்கி, சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

சமையற்கட்டிலிருந்து சொர்ணம்மாள் வந்தாள். கையில் ஆவி பறக்கும் தேநீர். தலை குனிந்திருந்தது, படத்தில் இருந்ததைப் போலவே.

"அத்தே, வாங்க, கீழே போயிடலாம். ஜெயம்மா அத்தே கீழேதான் இருக்காங்க."

சொர்ணம்மாள் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். இத்தனை நாளும் புருஷனிடமிருந்து தன்மேல் விழுந்த பார்வை எப்படிப்பட்டது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதை அப்படியே சாந்தகுமாரிமேல் திருப்பினாள்.

"நீ போ. படிச்சவ. வேலைதான் முடிஞ்சிருச்சே."

பிறகு நாற்காலியின் முன்னால் போய் நின்று, தேநீர் கிளாஸை இரண்டு கையாலும் நீட்டினாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

கையை எடுத்துக்கொண்டாள்.

கிளாஸ் கீழே விழவில்லை.