நடக்காத விழாவின் நன்றியுரை

ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் சனிக்கிழமை காலையில் சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தபோது, மருந்துக்கடைக்காரி உள்ளே வந்தாள். வழக்கமாக வாசலிலிருந்தே சிரித்துக்கொண்டு வருகிறவள், அன்று சிரிக்கவில்லை. கையில் புது மை வாசனை போகாத புத்தகம் ஒன்று இருந்தது.

"எண்பத்தி நாலாம் பக்கம் படிங்க சார். எங்க அப்பாவைத் தீ வச்சவர்னு எழுதியிருக்காங்க. திங்கட்கிழமை சாயங்காலம் வெளியீட்டு விழா. என்னை முன்வரிசையில வேற உட்காரச் சொல்லியிருக்காங்க."

போஸ்ட்மாஸ்டரின் மச்சான் தையல் மிஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். அவர் மனைவியின் தம்பி, தையல்காரர். துப்பறிவது என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவருக்கு.

புத்தகம் அந்தப் புறநகரின் பத்திரிகைகளைப் பற்றியது. எழுதியவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஒரு காலத்தில் அங்கே இரண்டு வார இதழ்கள் வந்தன. தலைப்பின் நிறத்தை வைத்து ஒன்றைப் பச்சைப் பேப்பர் என்றும் மற்றதைச் சிவப்புப் பேப்பர் என்றும் ஜனங்கள் கூப்பிட்டார்கள். பச்சைப் பேப்பரை நடத்தியவர் மருந்துக்கடைக்காரியின் காலமான அப்பா. முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை மாலை ஏழு மணிக்குச் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த சிவப்புப் பேப்பரின் அச்சகம் எரிந்து சாம்பலானது. அதோடு அந்த இதழும் போயிற்று.

தலைமையாசிரியரின் வாதம் கச்சிதமாக இருந்தது. அன்று மாலை முழுவதும் தன் அச்சகத்திலேயே தனியாக இருந்ததாகப் பச்சைப் பேப்பர்காரர் போலீஸிடம் சொன்னார். ஆனால் அவருடைய இதழோ, அதே மாலை ஆறு மணிக்குப் பூங்கா திறப்பு விழா சிறப்பாக நடந்ததாகவும், ஆசிரியரே நன்றியுரை ஆற்றியதாகவும் சொல்கிறது. உண்மையில் அந்த விழா நடக்கவே இல்லை. நாலரை மணிக்கே மழையால் தள்ளிவைத்துவிட்டார்கள். 'இத்தனை பொய் சொன்னவர் எதை மறைத்தார் என்பதை வாசகரே ஊகிக்கலாம்' என்று அத்தியாயம் முடிந்தது.

"சார், இன்னொண்ணும் இருக்கு" என்றாள் அவள். குரல் இறங்கிவிட்டது. "இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. அப்போ எனக்கு ஒன்பது வயசு. அந்த வாரம் அம்மாவும் நானும் சித்தி வீட்டுக்குப் போயிருந்தோம். ஞாயித்துக்கிழமை திரும்பி வந்தப்போ அப்பாவோட வலது கையில ஈரத்துணி சுத்தியிருந்தது. ஸ்பூனைக்கூட பிடிக்க முடியல. கேட்டதுக்கு, 'உங்கப்பன் ஒரு அசடு, பாப்பா'ன்னு சிரிச்சார். இத்தனை வருஷமா அது தீக்காயம்தானோன்னு பயந்துகிட்டே இருக்கேன்."

தையல்காரரின் முகம் தொங்கிப்போயிற்று. போஸ்ட்மாஸ்டர் மட்டும் கடிகாரத்தின் கதவைச் சாத்தினார்.

"அந்த இதழைப் பார்த்துட்டு வரலாம்" என்றார்.

நூலகத்தில் அவர்கள் நுழைந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். "வெளியே போர்டைப் பார்த்தீங்களா மாமா? சனிக்கிழமைன்னா பகல் ஒரு மணிக்கே பூட்டிடுவாங்களாம். இன்னும் கால் மணிதான்" என்று தையல்காரர் பறந்தார். நூலகர் பெண்மணி பச்சைப் பேப்பரின் தைத்த தொகுப்பைத் தூக்கிவந்து வைத்தாள். ஒரு மணிக்கு மூடும் வழக்கம் அவள் அப்பா இங்கே நூலகராக இருந்த காலத்திலிருந்தே மாறவில்லை என்றும் சேர்த்துச் சொன்னாள்.

இதழில் ஞாயிற்றுக்கிழமை தேதி இருந்தது. இரண்டாம் பக்கத்தில், நடக்காத விழாவுக்குக் கரவொலி வரைக்கும் எழுதியிருந்தார்கள். போஸ்ட்மாஸ்டர் செய்தியை ஒரு தடவைதான் படித்தார். முதல் பக்கத்தின் மேல் மூலையில் இருந்த ஊதா நிற வட்ட முத்திரையைத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அது லைப்ரரி வரவு முத்திரை மாமா. எல்லா இதழ்லயும்தான் இருக்கு. அதுல என்ன இருக்கப் போகுது?" என்றார் தையல்காரர்.

"மச்சான், முப்பத்தஞ்சு வருஷம் முத்திரை குத்தினவன் நான். அதைப் பார்க்காம எப்படி விடுவேன்?"

மறுநாள் காலை எல்லாரும் சிவப்புப் பேப்பர்காரரின் வீட்டில் கூடினார்கள். எண்பது வயதைத் தாண்டிய அவர் கீழே இருந்தார். தலைமையாசிரியர் மாடியில் பத்து வருடமாகக் குடியிருந்தார். விழாவுக்கு அச்சான முந்நூறு புத்தகங்களும் கூடத்திலேயே அடுக்கியிருந்தன.

"சார், பச்சைப் பேப்பர் எத்தனை பிரதி போட்டாங்க? எப்போ வெளியே போகும்?" என்று தொடங்கினார் போஸ்ட்மாஸ்டர்.

"அறுநூறு. சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு சைக்கிள்காரங்க கட்டை எடுத்துட்டுப் போவாங்க. விடிஞ்சதும் வீட்டு வாசல்ல கிடக்கும். எல்லாம் புத்தகத்துலயே இருக்கே" என்றார் தலைமையாசிரியர்.

"இருக்கு. லைப்ரரிப் பிரதியில முத்திரை சனிக்கிழமை தேதியில விழுந்திருக்கு. சனிக்கிழமை லைப்ரரி பகல் ஒரு மணிக்கு மூடிடும். சாயங்காலம் ஆறு மணி விழாவைப் பத்தின செய்தி, மத்தியானத்துக்குள்ள எப்படி லைப்ரரிக்கு வந்தது?"

தலைமையாசிரியர் ஒரு புத்தகத்தை எடுத்து எண்பத்து நாலாம் பக்கத்தைத் தேடினார்.

"வெள்ளிக்கிழமையே அச்சாயிடுச்சு. லைப்ரரிப் பிரதி மட்டும் முன்னாடியே போயிருக்கு" என்றார் போஸ்ட்மாஸ்டர். "ஞாயித்துக்கிழமை படிக்கறவங்களுக்காக, அழைப்பிதழைப் பார்த்து முன்கூட்டியே எழுதி வச்சது. சின்னப் பத்திரிகைங்கள்ல இது சகஜம். தீப்பிடிக்கறதுக்கு முந்தின நாளே அச்சான செய்தி, தீயை மறைக்கச் சொன்ன பொய்யா இருக்க முடியாது."

"சரி, ஆனா அவர் அச்சகத்துலதான் இருந்தார்ங்கறதுக்கு என்ன சாட்சி?" என்றார் தலைமையாசிரியர்.

"நீங்கதான் சார். பழைய வாசகர்கள் நாப்பத்து மூணு பேரைப் பார்த்துப் பேசினதா புத்தகத்துல எழுதியிருக்கீங்க. கல்யாணச் செய்தியில மாப்பிள்ளை படத்தை மாத்திப் போட்டது வரைக்கும் சொல்லிச் சிரிச்சிருக்காங்க. நடக்காத விழாவுல ஆசிரியரே பேசினதா வந்ததை ஒருத்தராவது சொன்னாங்களா?"

தலைமையாசிரியர் குறிப்பேட்டைப் புரட்டினார். "இல்லை" என்றார், மெதுவாக.

"அப்படின்னா, அவங்க கைக்குப் போன பிரதி லைப்ரரிப் பிரதி மாதிரி இல்ல. நடுவுல யாரோ திருத்தியிருக்காங்க." போஸ்ட்மாஸ்டர் கிழவர் பக்கம் திரும்பினார். "ஐயா, அடுத்த வாரம் உங்க பேப்பர் வரல. வந்திருந்தா, முதல் பக்கத்துல என்ன போட்டிருப்பீங்க?"

கிழவர் அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தோள் குலுங்கச் சிரித்தார். "நீங்க லேசுப்பட்ட ஆள் இல்ல!" என்று எழுந்து போய், பீரோவின் அடித்தட்டிலிருந்து சணல் கட்டிய ஒரு கட்டைக் கொண்டுவந்தார். அடுத்த இதழில் எதிராளியின் மானத்தை வாங்குவதற்காக அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கிய பச்சைப் பேப்பர்கள். தன் அச்சகம் புகைந்துகொண்டிருக்கும்போதும் அலைந்திருக்கிறார்; தொழில் அப்படி.

பத்தொன்பது பிரதிகள். ஒவ்வொன்றிலும் விழாச் செய்தியின் மேல் பேனாவால் குறுக்கே எழுதியிருந்தது:

'மழையால் விழா நடக்கவில்லை. நான் பேசவும் இல்லை. – ஆசிரியர்.'

மூலையில் ஓர் எண். ஒரு பிரதிகூட விட்டுப்போகக் கூடாதென்று போட்ட எண். 14, 212, 340, 455, 597.

"அப்பா கையெழுத்து" என்றாள் மருந்துக்கடைக்காரி. பதினான்காம் பிரதியில் எழுத்து முத்து முத்தாக இருந்தது. ஐந்நூற்றுத் தொண்ணூற்றேழில் கோணல் மாணலாகச் சரிந்து கிடந்தது. ஆனால் எல்லாம் ஒரே கை.

தையல்காரர் அதற்குள் ஒரு தாளை எடுத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அதே வரிகளை எழுதி முடித்திருந்தார். "இருபது செகண்ட் மாமா! நிமிஷத்துக்கு மூணு. அறுநூறுக்கு இருநூறு நிமிஷம். நாலரையிலிருந்து எட்டு வரைக்கும் மொத்தமே இருநூத்திப் பத்துதான்!"

"தலை நிமிரவே நேரம் இருந்திருக்காது. ரயில் பாதையைத் தாண்டி இவர் அச்சகத்துக்கு வந்து தீ வைக்க எங்க போறது? அம்மா, அந்த ஈரத்துணி தீக்காயத்துக்கு இல்ல. ஒரே மூச்சுல அறுநூறு தடவை எழுதின கை. வீங்காம என்ன செய்யும்?" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

அவள் 597ஆம் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். "அசடு" என்றாள், அழுகைக்கு நடுவிலேயே சிரித்துக்கொண்டு. "சரியான அசடு."

கிழவர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பாப்பா, நானும் சொல்லிடறேன். அன்னிக்கு மழையில காகிதக் கட்டெல்லாம் ஈரமாயிடுச்சு. காய வைக்க ஸ்டவ்வைப் பத்த வச்சுட்டு, விழா நின்னுபோச்சான்னு வேடிக்கை பார்க்கப் போனேன். திரும்பி வந்தா தீ. உங்கப்பா மேல நான் பழி சொல்லல. ஆனா ஊர் முணுமுணுத்தப்போ இல்லைன்னும் சொல்லல. என்னைப் பார்த்து எல்லாரும் பாவம்னாங்க. அது எனக்குச் சௌகரியமா இருந்தது." அவிழ்த்த சணலை விரலில் சுற்றிக்கொண்டார். "முப்பத்திரண்டு வருஷம். சொல்லிட்டேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோபம் வந்தது, ஆனால் இத்தனை வருடப் பயம் போன நிம்மதி அதைவிடப் பெரிதாக இருந்தது. "இந்தக் கட்டை நீங்க தூக்கிப் போடாம வச்சிருந்தீங்களே, பெரியப்பா" என்றாள் கடைசியில். "அது போதும்."

தலைமையாசிரியர் புத்தக அடுக்குகளைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "நாளைக்கு வெளியீடு. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. எந்த அச்சகம் திறந்திருக்கும்? முந்நூறு பிரதி!"

எல்லார் பார்வையும் அந்தச் சணல் கட்டின் மேல் போயிற்று.

தையல்காரர் பேனா வாங்க ஓடினார். கிழவர் மேஜையை இழுத்துப் போடச் சொன்னார். என்ன எழுதுவதென்று அவரே சொன்னார். அடியில் தானும் கையெழுத்துப் போடுவதாகவும் சொன்னார். தலைமையாசிரியர் முதல் புத்தகத்தில் எண்பத்து நாலாம் பக்கத்தைத் திறந்து, 'இது தவறு' என்று எழுதத் தொடங்கினார்.

"சார்" என்றாள் மருந்துக்கடைக்காரி, தன் பங்குப் புத்தகங்களை மடியில் அடுக்கிக்கொண்டே. "மூலையில நம்பர் போட மறந்துடாதீங்க."

அவர் பக்கத்தின் மூலையில் 1 என்று போட்டுவிட்டு, அடுத்த புத்தகத்தை எடுத்தார்.