பக்கெட்டுக்கு அடியில் அமெரிசியம்

பால் பாத்திரம் கருகிச் சமையலறை முழுக்கப் புகை. ஆனால் புகை வந்தால் எச்சரிக்க வேண்டிய புகை மணி கத்தவில்லை.

அக்காதான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். அப்பா பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தார். அம்மா இறந்ததிலிருந்து அப்படித்தான். கண் திறந்திருக்கும்; ஆள் அங்கே இருக்க மாட்டார்.

“அப்பா, பால்!”

“ஆமாம்மா,” என்றார். அவ்வளவுதான்.

அவள் மேலே பார்த்தாள். புகை மணி இருந்த இடம் வெறுமையாக இருந்தது. பேட்டரி மாற்ற அப்பா கழற்றி மேசைமேல் வைத்தது நினைவுக்கு வந்தது. மேசையிலும் காணோம்.

எல்லோரும் தூங்கும்போது இப்படி ஆகியிருந்தால்?

“டேய் சுண்டெலி, புகை மணியைப் பார்த்தியா?”

பொய் சொன்னால் தம்பிக்குக் காது சிவந்துவிடும்.

“பார்க்கல.”

“உன் காது வேற சொல்லுதே!”

அவன் அழ ஆரம்பித்தான். அவளைப் பால்கனிக்குக் கூட்டிப்போனான். கவிழ்த்த பக்கெட், அதன்மேல் ஒரு செங்கல்.

“தொடாதேக்கா! அது பின்னாடி மூணு இறக்கைக் குறி இருக்கு. ஆஸ்பத்திரியில அம்மாவைக் கூட்டிட்டுப் போன ரூம் கதவுல இருந்த அதே குறி. அப்பா தினமும் இதுக்குக் கீழதான் உட்கார்றாரு.”

அவளுக்குத் திட்ட வாய் வரவில்லை. பக்கெட்டைத் தூக்கி, புகை மணியின் பின்பக்கத்தில் அந்தக் கதிர்வீச்சுக் குறிக்குக் கீழே இருந்த பெயரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப மூடினாள்: அமெரிசியம்-241. மறுநாள் அறிவியல் டீச்சரைப் பிடித்து, புரியும்வரை கேட்டாள். மாலையில் தம்பியைப் பக்கெட் அருகே உட்காரவைத்தாள்.

“உள்ளே பொட்டு மாதிரி துளியூண்டு அமெரிசியம் இருக்கு. அதோட ஒரு அணுவுக்கு நடுவுல 95 புரோட்டான், 146 நியூட்ரான். மொத்தம் 241. இவ்வளவு கூட்டத்தை அதால தாங்க முடியாது. அதனால ரெண்டு புரோட்டானையும் ரெண்டு நியூட்ரானையும் ஒரே கட்டா வெளியே தள்ளிடும். அந்தக் கட்டுதான் ஆல்ஃபா கதிர்.”

“அப்புறம்?”

“புரோட்டான் 93 ஆயிடும். மொத்தம் 237 ஆயிடும். புரோட்டான் எண்ணிக்கை மாறினா பொருளே வேற. அது இனிமே அமெரிசியம் இல்ல, நெப்டியூனியம்.”

“திரும்ப மாறாதா?”

“போன நாலும் திரும்பி வராது.”

தம்பி பக்கெட்டையே பார்த்தான்.

“அந்த நாலும் அப்பா மேல பட்டா?”

“படாதுடா. ஆல்ஃபாவால ஒரு காகிதத்தைக்கூடத் தாண்ட முடியாது. உள்ளே இருக்கிற காத்துல மோதி மின்சாரம் ஓட வைக்கும். புகை வந்தா அந்த மின்சாரம் குறையும். உடனே மணி கத்தும். நாம அதைத் திறக்காம இருந்தா போதும்.”

“ஆஸ்பத்திரியில இருந்தது?”

“அது வேற கதிர். அம்மா உடம்புல இருந்த கட்டியை எரிக்க வெச்சது.”

“அப்போ அது அம்மாவைக் கொல்லலையா?”

பதில் பின்னாலிருந்து வந்தது.

“இல்லடா.” அப்பா கதவருகே நின்றிருந்தார். “நோய்தான். கதிர் காப்பாத்தத்தான் பார்த்துச்சு. முடியல.”

அத்தனை வார்த்தைகளை அவர் ஒன்றாகப் பேசி வெகு நாளாயிற்று. அவரே செங்கல்லை எடுத்து ஓரமாக வைத்து, பக்கெட்டைத் தூக்கினார். புகை மணியைத் துடைத்து, புது பேட்டரி போட்டு, ஸ்டூலை இழுத்தார். ஸ்டூல் ஆடியது.

தம்பி ஓடிவந்து அதன் கால்களை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டான்.

“நான் பிடிச்சிருக்கேன்பா. நீ ஏறு.”