சீப்பில் இல்லாத முடி

மத்தியானம், பார்லரில் கூட்டம் இல்லாத நேரம். கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவள் முடி வெட்டிக்கொள்ள வரவில்லை. கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தாள். உள்ளே ஒரு கொத்து முடி.

"தங்கச்சியோடதுக்கா. பதினோரு நாளா அவ தலையணையிலேர்ந்து பொறுக்கினது. அவ கஞ்சா பிடிக்கிறாளா இல்லையான்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

தலையைத் தொட்டே வீட்டு விஷயத்தைச் சொல்லிவிடுவாள் என்று பார்லர் அக்காவுக்கு அந்தத் தெருவில் பேர். வந்தவளை முதலில் உட்காரச் சொன்னாள். கூட வேலை பார்க்கும் நாத்தனார், துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து நின்றாள்.

வந்தவள் சொன்னது இது. வீட்டில் மூன்றே பேர். அவள், அவள் வீட்டுக்காரர், கல்யாணமாகாத தங்கை. வீட்டுக்காரருக்கு இன்டர்நெட் கேபிள் இழுக்கும் வேலை. தங்கை ஒரு காப்பகத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். பன்னிரண்டு நாளைக்கு முன்னால், செருப்பு அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு கஞ்சாப் பொட்டலம் அகப்பட்டது. இரண்டு பேருமே தெரியாது என்றார்கள். மறுநாளே தங்கையின் தலையணையில் முடி கொட்டிக் கிடந்தது. கஞ்சா பிடித்தால் முடி கொட்டும் என்று போனில் ஒரு கட்டுரையைக் காட்டியவர் வீட்டுக்காரர். இன்று சாயங்காலம் காப்பகத்து அம்மாவிடம் சொல்லிவிடப் போகிறாராம். சொல்லிவிட்டால் தங்கைக்குக் குழந்தைகள் இருக்கும் எந்த இடத்திலும் இனி வேலை கிடைக்காது.

"சீப்புல எவ்வளவு முடி வருது?" என்று கேட்டாள் பார்லர் அக்கா.

"சீப்புல ஒண்ணும் பெரிசா இல்லக்கா. எனக்குத் தெரியக்கூடாதுன்னு எடுத்துப் போட்டுடுவா போல."

சந்தேகம் புகுந்துவிட்டால் அப்படித்தான். இருப்பதும் சாட்சி, இல்லாததும் சாட்சி.

"இதுல என்ன அண்ணி இருக்கு? பொட்டலமும் இருக்கு, முடியும் கொட்டுது. ரெண்டும் ரெண்டும் நாலு" என்றாள் நாத்தனார்.

"நீ கணக்குல எப்பவும் அவசரம். அந்த லென்ஸை எடு."

பார்லர் அக்கா ஒரு முடியை எடுத்து லென்ஸில் பார்த்தாள். பிறகு அதைத் தன் கையோடு நீட்டிப் பிடித்தாள். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை வந்தது. நாலு மாதத்துக்கு முன்னால் தங்கை இங்கே வெட்டிக்கொண்ட சடை என்ன ஆயிற்று என்று விசாரித்தாள். நோயாளிகளுக்கு விக் செய்ய அனுப்புவதற்காக வெட்டிய சடை அது. இன்னும் அனுப்பவில்லை, பீரோ மேல்தட்டில் கவரோடு கிடக்கிறது என்று பதில் வந்தது. கவரைப் பிரிக்காமல் எடுத்து வரச் சொன்னாள். மற்ற இருவரையும் கூட்டி வரச் சொன்னாள்.

ஒரு மணி நேரத்தில் எல்லோரும் வந்துவிட்டார்கள். தோள் வரை முடி வைத்திருந்த தங்கை யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்தாள். கேபிள்காரர் கதவருகிலேயே நின்றார். டிரையரின் ஒயர் தரையில் தொங்குவது கண்ணில் பட்டதும், பையிலிருந்து ஒயர் கட்டும் கறுப்பு பிளாஸ்டிக் பட்டை, ஒரு கேபிள் டையை எடுத்து ஒயரைச் சுருட்டி இறுக்கினார். மிச்ச வாலை இடுப்பிலிருந்த கட்டிங் பிளேயரால் ஒட்ட நறுக்கினார். இப்படி விட்டால் தடுக்கி விழுவீர்கள் என்று அக்கறையாகச் சொல்லவும் செய்தார்.

பார்லர் அக்கா நன்றி சொல்லிவிட்டுப் பேச ஆரம்பித்தாள்.

"கஞ்சாவால முடி கொட்டுமான்னா, சிலர் ஆமாங்கிறாங்க, சிலர் இல்லைங்கிறாங்க. எனக்கு உறுதியாத் தெரியாது. ஆனா உடம்புக்கு ஒத்துக்காம முடி கொட்டினா, பெரும்பாலும் ரெண்டு மூணு மாசம் கழிச்சுத்தான் தெரியும். பொட்டலம் அகப்பட்ட மறுநாளே ஆரம்பிக்காது. ஆரம்பிச்சாலும் முதல்ல சீப்புலதான் சிக்கும்."

லென்ஸை அக்காக்காரியிடம் கொடுத்தாள். தானாக விழுந்த முடிக்கு ஒரு முனையில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருக்கும், இதில் இருக்கிறதா பார் என்றாள். ஒன்றில்கூட இல்லை. எல்லாம் கத்தரி பட்ட முனை.

"தோள் வரைக்கும் முடி இருக்கிறவ தலையிலேர்ந்து முழ நீள முடி எப்படி விழும்? இது நான் வெட்டின சடையிலேர்ந்து உருவினது."

அக்கா தங்கையைப் பார்த்தாள். தங்கை அக்காவைப் பார்த்தாள். நாத்தனார் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பார்லர் அக்கா கவரைப் பிரித்தாள். சடையின் இரண்டு முனையிலும் அவள் அன்று போட்டது சிவப்பு ரப்பர் பேண்ட். இப்போது ஒரு முனையில்தான் அது இருந்தது. மறுமுனையில் ஒரு கறுப்பு கேபிள் டை, வால் ஒட்ட நறுக்கப்பட்டு.

எல்லோர் கண்ணும் டிரையர் ஒயருக்குப் போனது.

"உருவும்போது ரப்பர் அறுந்திருக்கும். கைப்பழக்கத்துல இதைப் போட்டிருக்கு" என்றாள் பார்லர் அக்கா.

வீடு முழுக்க கேபிள் டை கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றார் கேபிள்காரர். அப்போதுதான் தங்கை முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"பிளேயர் உங்க இடுப்பை விட்டு இறங்கினதே இல்லையே அத்தான்."

அவர் கை தானாகப் பிளேயரை மூடியது. பொட்டலம் தன்னுடையதுதான், எப்போதாவதுதான் என்று முணுமுணுத்தார்.

"அதை அன்னைக்கே சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். அதோட போயிருக்கும்" என்று அக்காக்காரி கையை நீட்டினாள். "பிளேயரைக் குடுங்க."

கொடுத்தார். அவளே கேபிள் டையை நறுக்கி எறிந்துவிட்டு, நாத்தனார் நீட்டிய சிவப்பு ரப்பர் பேண்டைப் போட்டாள்.

மூன்று மணிக்குக் குழந்தைகள் எழுந்துவிடுவார்கள் என்று தங்கை எழுந்தாள். கண்ணாடி முன் நின்று ஒரு தடவை தலை வாரினாள். அந்தச் சீப்பை அக்காவிடம் நீட்டினாள். அதில் ஒரே ஒரு முடி சிக்கியிருந்தது.

லென்ஸ் பக்கத்திலேயே இருந்தது. அக்கா அதை எடுக்கவில்லை. சீப்பை மேசையில் வைத்துவிட்டு, "வா, காப்பகம் வரைக்கும் நானும் வரேன்" என்றாள்.