குட்டையில் ஒரு கதவு

கொசுவுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆனால் காதோரம் ஓயாமல் ரீங்காரம் போட்டுக்கொண்டே இருந்தால் யார்தான் நல்ல பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்? காலையில் வாய் திறந்தால் படுக்கப் போகும்வரை மூடாது. அத்தைதான் முதலில் "கொசு" என்று கூப்பிட்டாள். அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

"இவகிட்ட ஒரு ரகசியம் சொல்றதும் ஒண்ணுதான், ஒலிபெருக்கியில சொல்றதும் ஒண்ணுதான்" என்பாள் அம்மா.

எல்லோரும் சிரிப்பார்கள். கொசுவும் சிரிப்பாள். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும்.

அத்தை கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வாரம் முழுக்க அடுத்தவர்களின் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் கண்ணுக்கு வேலை கொடுக்க உப்பங்கழிக்குப் போவாள். கடல் தண்ணீர் உள்ளே புகுந்து ஏரிபோலப் பரந்து கிடக்கும் இடம் அது. அதைச் சுற்றி மண் கரை. கரைமேல் நடந்தபடி பறவை பார்க்க அத்தையோடு ஒரு சின்னக் கூட்டமே வரும். தையல்கடை மாமா வருவார், பல் டாக்டர் வருவார், கொசுவும் தொற்றிக்கொண்டு வருவாள்.

கூட்டத்தில் இருந்தது ஒரே ஒரு பைனாகுலர். அது கை மாறிக் கை மாறிக் கடைசியாகத்தான் கொசுவிடம் வரும். அதற்குள் பறவை பறந்து போயிருக்கும்.

"என்ன தெரியுது கொசு?" என்று கேட்பாள் அத்தை.

"மேகம் தெரியுது. நல்ல பெரிய மேகம்" என்று சொல்லி அதைத் திருப்பிக் கொடுப்பாள் கொசு.

அதனால் அவள் தரையைப் பார்த்துக்கொண்டே நடக்கப் பழகிவிட்டாள். நண்டு வளை, சிப்பி, யாரோ தவறவிட்ட சட்டைப் பொத்தான் என்று காலடியிலும் பார்க்க நிறைய இருந்தது.

கரை வளையும் ஓர் இடத்தில் பாதையின் குறுக்கே ஒரு சேற்றுக் குட்டை. கடல் ஏறி வரும்போதெல்லாம் தண்ணீர் வந்து அங்கே தேங்கிவிடும். அந்த இடம் வந்ததும் எல்லோரும் பாதையை விட்டு இறங்கி, பக்கத்தில் இருந்த கிளிஞ்சல் மேட்டின் வழியாகச் சுற்றிப் போவார்கள். செருப்பு நனையக் கூடாதே!

அன்றைக்கும் அப்படித்தான் போனார்கள். கொசு கடைசியாக வந்தாள். திடீரென்று அவளுக்கு முன்னால் ஒரு குட்டிப் பறவை வந்து விழுந்தது. மணல் நிற முதுகு, வெள்ளை வயிறு. ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு தடுமாறித் தடுமாறி நடந்தது.

"ஐயோ பாவம்! அடிபட்டிருக்கு!"

கொசு தொப்பியைக் கழற்றி இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள். "பயப்படாத கண்ணு. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். பல் டாக்டர்தான், ஆனா நல்லவர்."

பறவை நொண்டிக்கொண்டே ஓடியது. கொசு குனிந்தாள். கைக்கு எட்டவில்லை. மறுபடி குனிந்தாள். மயிரிழையில் தப்பியது. இப்படியே வெகுதூரம் போன பிறகு, அந்தப் பறவை இரண்டு சிறகுகளையும் ஜோராக விரித்து ஜிவ்வென்று பறந்து போனது. சிறகில் ஒரு கீறல்கூட இல்லை.

"ஏய்! என்னை ஏமாத்திட்டியா?" என்று கத்தினாள் கொசு.

மூச்சு வாங்க ஓடி வந்து, மேட்டிலேயே அவளுக்காகக் காத்து நின்ற அத்தையிடம் நடந்ததைச் சொன்னாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகம் மாறிவிட்டது.

"யாரும் அசையாதீங்க! அது உப்புக்கொத்தி. முட்டை பக்கத்துல யாராவது போனா இப்படித்தான் நடிச்சு நம்மளை வேற பக்கம் இழுத்துட்டுப் போகும். நாம முட்டைக்குப் பக்கத்துல நிக்கிறோம்!"

தையல்கடை மாமா தூக்கிய காலைக் கீழே வைக்கவில்லை. அப்படியே கொக்கு மாதிரி நின்றார்.

"வாயாவது திறக்கலாமா?" என்று கேட்டார் பல் டாக்டர்.

"திறந்துக்கோங்க டாக்டர். காலை மட்டும் அசைக்காதீங்க."

அத்தை பைனாகுலரைக் கண்ணில் வைத்துத் தேடினாள். ஒன்றும் தெரியவில்லை. தரையைப் பார்த்தே பழகிய கொசுதான் கண்டுபிடித்தாள். கூடு என்று எதுவும் இல்லை. கிளிஞ்சல்களுக்கு நடுவே சின்னதாய் ஒரு பள்ளம். அதில் மூன்று முட்டைகள், புள்ளிபோட்ட கூழாங்கற்களைப் போல. ஒரு விரல் தள்ளி டாக்டருடைய ஷூ பதிந்த தடம்.

டாக்டர் அந்தத் தடத்தையும் தன் ஷூவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதைக் காப்பாத்தியே ஆகணும்" என்றாள் அத்தை. "சுத்தி ஒரு வேலி கட்டிட்டா யாரும் மிதிக்க மாட்டாங்க."

நல்ல யோசனை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கல் பொறுக்கி வட்டமாக அடுக்கினார்கள். குச்சி நட்டார்கள். தையல்கடை மாமா பையிலிருந்து சிவப்புத் துணியை எடுத்து நாடா நாடாவாகக் கிழித்துக் குச்சியில் கட்டிவிட்டார். தூரத்திலிருந்து பார்த்தாலே பளிச்சென்று தெரிந்தது.

மறுநாள் காலை, கடைக்குப் போகும் அத்தையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள் கொசு. பள்ளி விடுமுறை என்பதால் அவளுக்கு வேறு வேலை இல்லை.

வேலியைச் சுற்றி ஒரே கூட்டம். தினமும் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் எல்லாம் அங்கேதான் நின்றார்கள். "என்னங்க இது?" "ஏதாவது புதையலா?" என்று எட்டி எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் செல்போனில் படம் பிடித்தார். உப்புக்கொத்தி தூரத்தில் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வரவே பயம் அதற்கு.

அத்தை எல்லோரையும் கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டு அனுப்பி வைத்தாள். கூட்டம் கலைந்த பிறகுதான் கொசு பார்த்தாள். சிவப்பு நாடா கட்டிய குச்சிமேல் ஒரு காகம் உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"சூ! போ!"

பள்ளத்தில் இரண்டு முட்டைதான் இருந்தது.

கொசுவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அத்தைக்கும் கண் கலங்கிவிட்டது.

"என் தப்புதான் கொசு. காக்காவுக்கு நானே விலாசம் எழுதிக் கொடுத்துட்டேன்."

இருவரும் குச்சிகளைப் பிடுங்கினார்கள். கற்களைப் பாதை ஓரமாகக் குவித்தார்கள். பிறகு வெகுதூரம் தள்ளிப்போய் ஒரு புதருக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டே போனது. முட்டை காய்ந்துவிடுமோ என்று கொசு நகத்தைக் கடித்தாள். கடைசியில் உப்புக்கொத்தி ஓடுவதும் நிற்பதுமாக வந்து, வயிற்று இறகுகளைத் தளர்த்தி, முட்டைமேல் உட்கார்ந்தது. கொசுவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"வர்ற ஞாயிறு பூநாரை பாக்க ஊரையே கூப்பிட்டு வெச்சிருக்கேன்" என்றாள் அத்தை. "வேண்டாம்னு சொல்லிடட்டுமா?"

"நாம வரலைன்னாலும் தினமும் நடக்கறவங்க வருவாங்களே அத்தை. முட்டை இருக்குன்னு சொன்னா வேடிக்கை பாக்க வருவாங்க. சொல்லலைன்னா தெரியாம மிதிச்சிடுவாங்க."

"அதான் எனக்கும் புரியல."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள் கொசு.

அத்தை அவளை ஒரு மாதிரி பார்த்தாள்.

"நிஜமாத்தான் அத்தை! அம்மாகிட்டகூட!"

அன்று மிச்சப் பகல் முழுக்கக் கொசு கண்ணாடிக் கடையின் மூலையில் உட்கார்ந்து யோசித்தாள். அவள் பேசாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு, "பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று முதலாளியே வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

கடை வாசலில் அப்போதுதான் தரை துடைத்திருந்தார்கள். உள்ளே வந்தவர்கள் ஈரத்தை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றி, கண்ணாடி அலமாரியை உரசிக்கொண்டு வந்தார்கள். அலமாரி ஆடியது. அத்தை ஓர் அட்டையை எடுத்து வந்து ஈரத்தின்மேல் போட்டாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த எல்லோரும் அட்டைமேல் கால் வைத்து நேராக உள்ளே வந்தார்கள். அலமாரிப் பக்கம் யாரும் போகவே இல்லை. அட்டைமேல் போ என்று யாரும் சொல்லவும் இல்லை, அலமாரிப் பக்கம் போகாதே என்று சொல்லவும் இல்லை.

கொசு துள்ளி எழுந்தாள்.

"அத்தை! முட்டைக்கு வேலி வேண்டாம்! குட்டையைச் சரி பண்ணா போதும்! கால் நனையும்னுதானே எல்லாரும் மேட்டுப் பக்கம் இறங்கறாங்க?"

அத்தை கையிலிருந்த கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தினாள். "இது எனக்குத் தோணலையே!" என்றாள். பிறகு, "ஆனா குட்டைமேல போடுற அளவுக்குப் பெரிய அட்டைக்கு எங்க போறது?" என்று கேட்டாள்.

"நம்ம வீட்டு மாடிப்படிக்குக் கீழ ஒரு கதவு இருக்கே!"

பழைய குளியலறைக் கதவு அது. என்றைக்காவது உதவும் என்று அப்பா பல வருடமாகச் சாத்தி வைத்திருந்தார். அம்மா அதில் தினமும் இடித்துக்கொண்டு தினமும் திட்டுவாள். "எதுக்கு?" என்று கேட்காமல்கூடக் கொடுத்துவிட்டாள்.

அத்தையும் கொசுவும் பிடித்துக்கொள்ள, தையல்கடை மாமா சைக்கிளில் கதவைச் சாய்த்துக் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தார். குட்டைமேல் போட்டதும் கச்சிதமாகப் பொருந்தியது.

"பாரு கொசு, பாலம் மாதிரி!" என்று சொல்லிக் கம்பீரமாக அதன்மேல் ஏறினார் மாமா. கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மாமா கணுக்கால்வரை சேற்றில் நின்றார்.

"மாமா, அசையாம நிக்கணுமா?" என்று கேட்டாள் கொசு.

"முதல்ல கையைக் கொடு!"

ஓரமாகக் குவித்திருந்த வேலிக் கற்கள் இப்போது உதவின. நான்கு மூலைக்கும் நடுவுக்கும் கல் வைத்ததும் கதவு ஆடாமல் படுத்துக்கொண்டது. இவர்கள் வேலை செய்யும்போது உப்புக்கொத்தி மறுபடி சிறகை இழுத்து இழுத்து நடித்தது.

"போதும் போதும். நல்லா நடிக்கிறே, ஒத்துக்கறேன்" என்றாள் கொசு. மூவரும் சட்டென்று கிளம்பினார்கள்.

ஞாயிறு வந்தது. கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்தார்கள். கரையின் வளைவு நெருங்க நெருங்கக் கொசு முன்னால் போகிறவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டு நடந்தாள். முதல் ஆள் குட்டைக்கு முன்னால் நின்றார்.

"அட, கதவு! தாழ்ப்பாள்கூட இருக்கு!"

"தட்டிட்டுத்தான் போகணுமோ?" என்றார் பல் டாக்டர். குனிந்து உண்மையிலேயே இரண்டு தட்டு தட்டினார். எல்லோரும் சிரித்தபடி ஒவ்வொருவராகக் கதவின்மேல் நடந்தார்கள். எல்லோருடைய கண்ணும் தூரத்துப் பூநாரைகள்மேல். ஒரு கால்கூடக் கிளிஞ்சல் மேட்டில் இறங்கவில்லை.

கொசு கடைசியாக நின்று மெல்லத் திரும்பிப் பார்த்தாள். உப்புக்கொத்தி எழுந்திருக்கவே இல்லை.

ஒரு சின்னப் பையன் அவள் கையைச் சுரண்டினான். "அக்கா, அங்க என்ன பாக்கறீங்க?"

கொசுவின் வாய் தானாகத் திறந்தது. ரகசியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. காகம் உட்கார்ந்த குச்சியை நினைத்துக்கொண்டாள். எச்சிலோடு சேர்த்து அந்த ரகசியத்தை விழுங்கினாள்.

"கதவைத்தான். எங்க வீட்டுக் கதவு அது" என்றாள்.

முன்னால் போய்க்கொண்டிருந்த அத்தை திரும்பிப் பார்த்தாள். அவளிடம் நடந்து வந்து, தன் கழுத்திலிருந்த பைனாகுலரைக் கழற்றிக் கொசுவின் கழுத்தில் மாட்டிவிட்டாள். அன்றைக்குக் கொசுவுக்கு மேகம் தெரியவில்லை. இளஞ்சிவப்புச் சிறகுகள் தெரிந்தன, ஒவ்வொன்றும் தனித்தனியாக.

அதற்குப் பிறகும் கொசு வாயைக் கட்டிக்கொண்டே இருந்தாள். அம்மா சந்தேகப்பட்டுப் பல முறை கேட்டுப் பார்த்தாள். ஒரு வார்த்தை வரவில்லை. உண்மையில் அது பெரிய கஷ்டமாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு ஞாயிறு. கூட்டம் கதவை நெருங்கும்போது அத்தை கையை நீட்டி எல்லோரையும் நிறுத்தினாள். கிளிஞ்சல் மேட்டிலிருந்து உப்புக்கொத்தி ஓடி வந்தது. அதன் பின்னால் பஞ்சு உருண்டைக்குக் குச்சிக் கால் முளைத்ததுபோல இரண்டு குஞ்சுகள். தாய்ப் பறவை கதவைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றது. குஞ்சுகள் இரண்டும் தாழ்ப்பாளைச் சுற்றிக்கொண்டு, தடதடவென்று கதவின்மேல் ஓடித் தண்ணீர்ப் பக்கம் இறங்கின.

"தட்டாமலே போறாங்களே!" என்று மெதுவாகச் சொன்னார் பல் டாக்டர்.

அத்தை கொசுவின் தோளில் கை வைத்தாள். "இனிமே பள்ளத்துல ஒண்ணும் இல்ல. இப்போ சொல்லலாம் கொசு."

கொசு நன்றாக ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். வீடு வந்து சேரும்வரை அவள் நிறுத்தவில்லை. அன்றைக்கு யாரும் நிறுத்தச் சொல்லவும் இல்லை.