பிரித்துப் பூட்டியவன்

கப்பலிலிருந்து வந்த மறுநாளே நெடுமாறன் மிக்ஸியைப் பிரித்துப் போட்டான். கெட்டுப்போன மிக்ஸி இல்லை. காலையில்தான் அவன் மனைவி ஜெயக்கொடி அதில் சட்னி அரைத்திருந்தாள்.

"நல்லாத்தானே ஓடிச்சு?"

"ஓடுறதுதான் ஏமாத்தும்."

கூடத்தில் பழைய வேட்டியை விரித்து, திருகாணியும் வாஷரும் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றையும் துடைத்து, சின்னச் சுத்தியலால் தட்டி, காதருகே வைத்துக் கேட்டு, திரும்பப் பூட்டினான். அடுத்து தண்ணீர் மோட்டார், ஃபேன், தையல் மெஷின். மாதக்கணக்கில் காத்திருந்தவளின் முகத்தை மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கப்பல்காரன் பொண்டாட்டி என்று தெருவே பொறாமைப்பட்டது. அவளுக்குச் சிரிக்கக்கூடக் கசந்தது.

சாப்பிடும்போது அவனாகவே சொன்னான்.

"அஞ்சு வருஷத்துக்குள்ள கப்பல்ல எல்லா மெஷினையும் ஒரு தடவையாவது பிரிச்சுக் காட்டணும். அப்பதான் கப்பலைச் சோதிக்க வர்ற சர்வேயர் சர்டிபிகேட் குடுப்பாரு. ஒரு கொதிதண்ணி பம்பை மட்டும் பிரிக்காமயே பிரிச்சதா சொல்லிட்டோம். நேரமில்லன்னு கம்பெனிக்காரன் அவசரப்படுத்தினான். அது வெடிச்சு ஒருத்தன் வெந்துட்டான். சாவுற வரைக்கும் என் பேரைத்தான் கத்தினான்."

சோற்றில் கை வைத்தபடியே தலையைச் சாய்த்தான். உள்ளறையில் அவன் அப்பா தாண்டவராயன் இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"நைனா நெஞ்சுல சத்தம் வருது."

"வீசிங்குங்க. ஆஸ்பத்திரியில மாத்திரை குடுத்திருக்காங்க."

"தெறந்து பாத்தாங்களா?"

அவள் எழுந்துபோய் உள்ளறைக் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் சாயங்காலம் மாமனாருக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு கடைவீதியிலிருந்து திரும்பியபோது கரண்ட் போயிருந்தது. ஊரை ஒட்டி நின்ற ராஜகிரி மலைப் பாறைகள் பகலெல்லாம் குடித்த வெயிலைத் தெருவுக்குள் கக்கிக்கொண்டிருந்தன. வீட்டுக்குள் நுழைந்ததும் கிரீஸ் வாடை, மண்ணெண்ணெய் வாடை, அதற்கும் அடியில் கறிக்கடையின் ஈர வாடை. இழுப்புச் சத்தம் இல்லை.

டக். டக்.

உள்ளறையில்.

"மாமா?"

டக்.

நின்றுவிட்டது.

கதவைத் தள்ளினாள்.

கட்டிலில் தாண்டவராயன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்துவரை சட்டைப் பொத்தான் போட்டிருந்தது. மூச்சு சீராக, சத்தமே இல்லாமல். அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"இப்ப நல்லா இருக்குதும்மா."

தரையில் மண்டியிட்டிருந்த நெடுமாறன் திரும்பினான். வந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான். அழுதுகொண்டிருந்தான்.

"எல்லாத்தையும் பூட்டிட்டேன், கொடி. சரியாத்தான் பூட்டினேன். இது எப்படி மிஞ்சிச்சுன்னு தெரியல."

இரண்டு கைகளையும் சேர்த்து அவளிடம் நீட்டினான்.

கைக்குள் அது துடித்துக்கொண்டிருந்தது.