தலையெண்ணி

விருந்தாளி இறங்கினால் நாங்கள் ஏற வேண்டும். செம்பாறைத் தீவில் பதினெட்டு வருடமாக இதுதான் வழக்கம். கடல் புகுந்து கிணறெல்லாம் உப்பாகிவிட்டது. நன்னீராக்கி நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குத்தான் சுரக்கும். அதற்கு மேல் ஓர் ஆளை, துறைமுகத்தில் ஆள் எண்ணும் இயந்திரமான தலையெண்ணி உள்ளே விடாது. அதனால் பலகையில் அலைச்சறுக்க வரும் ஒவ்வொருவருக்கும் பதிலாக எங்களில் ஒருவர், வெளியே நங்கூரமிட்ட காத்திருப்புக் கப்பலுக்குப் போய்விட வேண்டும். பச்சை மலையும் வெள்ளை மணலும் வந்தவர்களுக்கு, துருப்பிடித்த தளம் எங்களுக்கு. நல்ல நியாயம்!

அந்த வியாழக்கிழமை என் முறை. அலைப்பலகையோடு இறங்கிய பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும்.

"உங்களத் துரத்திட்டேனேக்கா, ஸாரி."

"சனிக்கெழம கெளம்பிருவீங்கல்ல தம்பி? மறுநாள் கோயில்ல எம் மகளுக்குப் புதுநன்மை, மொதத் தடவ நற்கருணை வாங்கப் போறா."

"சத்தியமா போயிடுவேன். நல்ல அலை எங்க வரும்?"

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எங்கள் கடலைப் பற்றிக் கேட்டால் எனக்குப் பெருமை பிடிபடாது. "தெக்கு முனைக்குப் போங்க. மத்ததெல்லாம் ஒரு அலையா?" என்றேன். அங்குள்ள நீரோட்டத்தைச் சொல்ல மறந்தேன்.

சனிக்கிழமை மதியம் பலகை மட்டும் கரை ஒதுங்கியதாகக் கப்பலுக்கு வயர்லெஸ்ஸில் சேதி வந்தது. பாவி, நான்தானே அனுப்பினேன் என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். சாயங்காலம்தான் கப்பல் காவலர் பெர்னத்திடம் கேட்டேன்.

"அண்ணாச்சி, என்னய எப்ப எறக்கி விடுவீய?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பையன் தீவ விட்டுப் போனதாப் பதிவாகலியே தாயி. ஆளு வரணும், இல்ல உடம்பு வரணும். ரெண்டும் இல்லன்னா ஏழு வருசம் கழிச்சுத்தான் செத்ததாப் பதிவாங்க."

"செத்தவன் தண்ணியா குடிக்கப் போறான்?"

"மிஷினுக்கு அது தெரியாதே."

எனக்குப் பதிலாகத் தான் கப்பலுக்கு வருவதாக என் வீட்டுக்காரர் கேட்டார். பதிந்த பெயர் மாறாது என்றது தலையெண்ணி. பையன் தங்கிய அறைக்கு இன்னும் தினமும் தண்ணீர் விடுகிறார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை தொலைநோக்கியில் பார்த்தேன். பூசை முடிந்து என் மகள் ஜெனோவா வீட்டுக்குப் போகவில்லை. புதுநன்மைக்கு உடுத்திய வெள்ளைக் கவுனோடு, ஒரு குச்சியால் கரையில் கிடந்த பாசியைப் புரட்டிக்கொண்டே நடந்தாள். அவளுக்கு ஒன்பது வயது.

இன்று பத்தொன்பதாம் நாள். முதலில் அந்தப் பையன் உயிரோடு வர வேண்டுமென்று மாதாவிடம் அழுதேன். இப்போது பிணமாவது ஒதுங்கட்டும் என்று அழுகிறேன்.

சற்று முன் ஜெனோவா வயர்லெஸ்ஸில் பேசினாள்.

"அம்மா, இன்னைக்கு ஒரு கை மாதிரி தெரிஞ்சிச்சும்மா. ஓடிப் போய்ப் பாத்தேன். வெறும் மரக்கெளதான்."

"அழாத மக்ளே," என்றேன். "நாளைக்கும் போய்த் தேடு."